பேட்டர்னும் முதலாளியும் பிரிண்டர் மையும்: சந்தேகங்களுக்கு விளக்கம்

ஜெர்மனியில் இருக்கும் ஒரு தங்கை கேட்டிருக்கிறார். வீட்டில் தையல் வேலை செய்பவராம். பிரெஞ்சுத் தையல் பத்திரிகை ஒன்று வாங்கினால், துணி மேல் வைத்து வெட்டும் மாதிரித் தாளுக்கு அதில் 'பத்ரோன்' என்று போட்டிருக்கிறது. கூட வேலை செய்யும் பிரெஞ்சுக்காரரோ முதலாளியைப் 'பத்ரோன்' என்கிறார். ஜெர்மன் கடையில் 'பட்ரோனே' என்று கேட்டால் பிரிண்டருக்குப் போடும் மைக் குப்பியை எடுத்துக் கொடுக்கிறார்கள். "இதெல்லாம் ஒரே சொல்லா? ஆங்கிலப் பேட்டர்ன் இதோடு சேர்ந்ததா? தமிழ்ப் 'பட்டறை'யிலிருந்துதான் பேட்டர்ன் போனது என்று ஒருவர் சொன்னார், உண்மையா ஐயா?"

இந்தக் கேள்வியைப் படித்த அன்று காலை நடைக்குப் போனவன், வழியில் வாங்கிவரச் சொன்ன பாலை மறந்து வீடு திரும்பினேன். அவ்வளவு நல்ல கேள்வி.

முதலில் பட்டறையை முடித்துவிடுவோம். உண்மை இல்லை. தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு நான் அடுத்து என்ன சொல்வேன் என்று தெரியும்: சொல்லின் முகச்சாயலைப் பார்க்காதீர்கள், அது நடந்து வந்த வழியைப் பாருங்கள். பேட்டர்ன் வந்த வழி நன்றாகவே தெரிந்த வழி.

லத்தீனில் 'பாத்தெர்' என்றால் அப்பா. அதிலிருந்து 'பத்ரோனுஸ்', அப்பா ஸ்தானத்தில் நின்று காப்பவர். ரோமில் ஓர் அடிமையை விடுதலை செய்தால், பழைய எஜமானர் அவனுக்குப் பத்ரோனுஸ் ஆகிவிடுவார். அப்புறம் கிறிஸ்தவம் வந்தது, ஊரைக் காக்கும் புனிதருக்கும் அதே பெயர். இடைக்கால லத்தீனில் இன்னொரு பொருளும் ஏறியது: எதைப் பார்த்து நகல் எடுக்கிறோமோ, அந்த மூலம். பிள்ளை அப்பாவை உரித்து வைத்திருக்கிறான் என்கிறோம் இல்லையா? அப்பாதான் மூலப் படிவம், பிள்ளை நகல்.

பிரெஞ்சு இரண்டு பொருளையும் ஒரே சொல்லில் வைத்துக்கொண்டது. அதனால்தான் தங்கையின் தையல் தாளும் அந்த முதலாளியும் ஒரே பெயரில் இருக்கிறார்கள். ஆங்கிலமும் இந்தச் சொல்லைப் பிரெஞ்சிலிருந்துதான் வாங்கியது. முதலில் 'பேட்ரன்' ஒன்றே இரண்டுக்கும் போதுமானதாக இருந்தது. பிறகு பேச்சில் உருண்டு, 'ட்ரன்' என்பது இடம் மாறி 'டர்ன்' ஆனது. நம் ஊரில் குதிரையைக் 'குருதை' என்பவர்கள் இல்லையா, தசையும் சதையும் இல்லையா, அதே வேலைதான். 1700 வாக்கில் பங்கு பிரித்துவிட்டார்கள்: ஆதரிக்கும் மனிதருக்குப் 'பேட்ரன்', மாதிரிக்குப் 'பேட்டர்ன்'. அயர்லாந்தில் மட்டும் ஒரு வேடிக்கை. ஊர்ப் புனிதரின் திருநாளை அங்கே 'பேட்டர்ன்' என்றே சொல்வார்கள். புனிதக் கிணற்றைச் சுற்றி வந்து ஜெபம் செய்வது, கூட்டம், கடை, ஆட்டம் எல்லாம் உண்டு. அங்கே பாகப்பிரிவினை ஒழுங்காக நடக்கவில்லை போலிருக்கிறது.

ஸ்பானியர்கள்தான் இந்தச் சொல்லிடம் அதிகமாக வேலை வாங்கினார்கள். அவர்களுக்கும் 'பத்ரோன்' முதலாளி, படகோட்டும் தலைவர், காவல் புனிதர், தையல் மாதிரி எல்லாம்தான். இதோடு, நாணயத்துக்குத் தங்கத்தை அளவுகோலாக வைத்தார்களே, அந்த முறை 'பத்ரோன் ஓரோ'. எனக்குப் பிடித்தது தோட்டக்காரர் சொல்லும் பொருள். ஒட்டுக்கட்டும்போது வேரோடு கீழே நிற்கும் செடி இருக்கிறதே, அதுவும் பத்ரோன். மேலே வேறு மாங்கிளையை ஒட்டினாலும் மண்ணைப் பிடித்து நிற்பது கீழே இருப்பவர்தானே. சரியாகத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள்.

சரி, மைக் குப்பிக்கு வருகிறேன். பழைய துப்பாக்கிக்கு மருந்தையும் குண்டையும் அளந்து காகிதத்தில் சுருட்டி வைத்துக்கொள்வார்கள். எல்லாச் சுருளும் ஒரே அளவாக, ஓர் அச்சுப் படிவத்தை ஒட்டி இருக்க வேண்டும். அந்தப் படிவத்தின் பெயர் சுருளுக்கே ஒட்டிக்கொண்டு, ஜெர்மனில் 'பட்ரோனே' என்றால் தோட்டா என்று ஆனது. தோட்டா போல உள்ளே சொருகும் மைக் குப்பிக்கும் பிறகு அதே பெயர். ரஷ்யர்கள் தோட்டாவோடு நிற்காமல், பல்பு மாட்டும் ஹோல்டரையும் 'பட்ரோன்' என்கிறார்கள். டச்சுக்காரர்களுக்கு ஆதரவாளர், தோட்டா, கோலம் மூன்றுக்கும் 'பட்ரோன்' ஒன்றே.

அப்படியானால் ஜெர்மானியர் பேட்டர்னுக்கு என்ன சொல்வார்கள்? 'முஸ்டர்'. இதைத்தான் தங்கை கேட்டிருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. கேட்கவில்லை, பரவாயில்லை, நானே கேட்டுக்கொள்கிறேன்.

லத்தீனில் 'மோன்ஸ்த்ராரே' என்றால் காட்டுவது. இத்தாலியர் கையில் அது 'மோஸ்த்ரா' ஆனது, காட்டிய பொருள். வியாபாரி துணியின் ஒரு துண்டைக் காட்டுவான், "இதுபோல் அனுப்புகிறேன்" என்பான். அதுதான் ஜெர்மனுக்குப் போய் முஸ்டர், ஸ்வீடனில் 'மோன்ஸ்டர்'. பயப்பட வேண்டாம், அங்கே அது கோலத்துக்குப் பெயர்! ஆனால் ஆங்கில அரக்கன் மான்ஸ்டரும் இதே குடும்பம்தான். தெய்வம் காட்டும் எச்சரிக்கைக் குறி என்பது அதன் பழைய பொருள். ஆங்கிலத்தில் 'மஸ்டர்' என்றால் படைவீரர்களை வரிசையில் நிறுத்திக் காட்டுவது, தலை எண்ணுவது.

இந்த மஸ்டர் நம் ஊருக்கும் வந்தது. என் சித்தப்பா இளவயதில் சாலை வேலையில் மஸ்டர் ரோல் ஆளாக இருந்தார். காலையில் பெயர் கூப்பிடும்போது நேரில் நின்று முகத்தைக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் அன்றைக்குக் கூலி கிடையாது. "முகத்தைக் காட்டிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டை விட்டுக் கிளம்புவார். லத்தீன் தெரியாமலே அந்தச் சொல்லின் வேரைச் சொல்லிக்கொண்டிருந்தார். நூறு நாள் வேலைக்குப் போனவர்களுக்கும் மஸ்டர் ரோல் என்றால் விளக்க வேண்டாம்.

இங்கேதான் மறுபடியும் என் பழைய பல்லவி. நண்பர் ஒருவர், மஸ்டர், மாஸ்டர், மேஸ்திரி மூன்றும் ஒரே சொல் என்று அடித்துச் சொன்னார். கேட்டால் அப்படித்தான் தோன்றும். ஆனால் கட்டிங் மாஸ்டரும் கொத்தனார் மேஸ்திரியும்தான் அண்ணன் தம்பி. இருவரும் லத்தீன் 'மகிஸ்தெர்' வழி, ஒருவர் ஆங்கிலக் கப்பலில் வந்தார், மற்றவர் போர்ச்சுக்கீசியக் கப்பலில். மஸ்டர் வேறு வீட்டுப் பிள்ளை. இன்னொன்று: போர்ச்சுக்கீசிய மாலுமிகள் போன இடமெல்லாம் கல்தூண் நட்டார்கள். வாஸ்கோட காமா ஆப்பிரிக்காவின் மலிந்தியிலும் ஒன்று வைத்தார். அந்தத் தூணுக்குப் பெயர் 'பத்ரௌன்'. அவர்கள் மொழியில் அளவுமாதிரிக்கும் பெயர் பத்ரௌன்தான். மாதிரி அப்பாவிலிருந்து வந்தது, தூணோ 'பெத்ரா' என்ற கல்லிலிருந்து வந்தது. எழுத்து ஒன்று, ஒலி ஒன்று, குலம் வேறு.

14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவி சாசர், இறந்துபோன ஒரு சீமாட்டியைப் பாடும்போது, இயற்கைத் தாய் அழகுக்கென்று வைத்திருந்த 'பேட்ரன்' அவள் என்கிறார். இரண்டு வரி தள்ளி 'முஸ்டர்' என்ற சொல்லையும் அவளுக்கே சூட்டுகிறார். அப்பா வழிச் சொல்லும் காட்டும் வழிச் சொல்லும் ஒரே மூச்சில்! கோலத்துக்குப் போலந்துக்காரர்கள் சொல்லும் 'வ்ஸூர்', ரஷ்யர்கள் சொல்லும் 'உஸோர்' இரண்டும் பார்ப்பது என்ற வேரிலிருந்து வந்தவை. ஒருவர் காட்டுகிறார், ஒருவர் பார்க்கிறார்.

அப்பா இருக்கிறார், அம்மா எங்கே என்று யாராவது கேட்பீர்கள். இருக்கிறார். லத்தீன் 'மாத்தெர்' அம்மா, அதிலிருந்து 'மாத்ரிக்ஸ்', கருப்பை. அச்சு எழுத்து வார்க்கும் தொழிலில் இரண்டு பேருமே உண்டு. எஃகுத் தண்டின் முனையில் எழுத்தைச் செதுக்கிச் செம்பில் அடிப்பார்கள். அந்த எஃகு ஜெர்மனில் 'பட்ரீட்ஸே', அடிபட்ட செம்பு 'மட்ரீட்ஸே'. குழிந்த செம்பில் காய்ச்சிய ஈயத்தை ஊற்றினால் எழுத்து பிறக்கும்.

தங்கைக்குப் பதில் நீண்டுவிட்டது. அடுத்த கேள்வி கரூரிலிருந்து, 'லுங்கி' பற்றி.