கானா காங்கோவுக்குப் போனது உறவுக்காகவே!

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். 1960-இல் கானா ஐ.நா. அமைதிப் படையில் சேர்ந்து காங்கோவுக்குப் போனது பெயருக்காகவா, அதாவது புகழுக்காகவா, உறவுக்காகவா? உறவுக்காகவே என்கிறது எங்கள் அணி.

எதிரணி நண்பர் ஒரு கேள்வி கேட்டார், நீங்களும் கைதட்டினீர்கள். "கானா ராணுவத்துக்கே வெள்ளைக்காரர் தளபதி. இவர்களா அடுத்தவர் விடுதலையைக் காப்பது?" ஆமாம் ஐயா, தளபதி அலெக்சாண்டர் பிரிட்டிஷ்காரர்தான். கானா விடுதலை பெற்றதே 1957-இல். மூன்றே வருடத்தில் சொந்தத் தளபதிக்கு எங்கே போவது? நம் வீட்டுக்குச் சுவர் பூசி முடித்த பிறகுதான் பக்கத்து வீட்டுத் தீயை அணைப்போமா? பெல்ஜியத்திடமிருந்து காங்கோ விடுதலை பெற்ற இரண்டே வாரத்தில் ராணுவம் கலகம் செய்தது, பெல்ஜியப் படை திரும்பி வந்தது, கட்டாங்கா மாகாணம் பிரிந்தது. அப்போது உதவிக்கு ஓடோடிப் போனவர்கள் கானா வீரர்கள். அலெக்சாண்டரையும் 1961-இல் கானா அதிபர் நிக்ரூமா பதவியிலிருந்து நீக்கிவிட்டார். சரி, வெள்ளைக்காரர் கதை முடிந்தது.

இதைக் கேளுங்கள். 1960 செப்டம்பர். காங்கோ பிரதமர் லுமும்பாவைப் பதவி நீக்கியதாக அந்நாட்டு அதிபர் கசவுபு அறிவிக்கிறார். மக்களிடம் பேச லுமும்பா வானொலி நிலையத்துக்கு வருகிறார். அவருடைய நாடு, அவருடைய வானொலி. உள்ளே விட மறுக்கிறார்கள். யார்? பெல்ஜியர்களா? இல்லை. கானா வீரர்கள்! மறுபடியும் சொல்கிறேன், கானா வீரர்கள்! 1958-இல் கானா தலைநகர் அக்ராவுக்கு வந்து நிக்ரூமாவோடு தோழமை கொண்ட லுமும்பாவைத் தடுக்கிறார்கள். ஏனென்றால் ஐ.நா. உத்தரவு. லுமும்பா கொதித்துப்போய் நிக்ரூமாவுக்கு எழுதுகிறார். நிக்ரூமா என்ன செய்தார்? லுமும்பாவை வானொலியில் பேச விடாவிட்டால் என் படையை ஐ.நா.விடமிருந்து எடுத்துக்கொள்வேன் என்று எச்சரித்தார். பெயருக்காகப் போனவர் நண்பருக்காக ஐ.நா.வையே எதிர்த்துப் பேசுவாரா?

1961 ஜனவரியில் லுமும்பாவைக் கொன்றார்கள். அதற்கு முன்னும் பின்னுமாகக் கினி, மாலி, மொராக்கோ எல்லாம் படையைத் திரும்பப் பெற்றன. கானா இருந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் காங்கோவின் போர்ட் பிராங்கி நகரில் நாற்பதுக்கும் மேற்பட்ட கானா வீரர்கள் கொல்லப்பட்டார்கள், அதுவும் காங்கோ சிப்பாய்களின் கையால். யாரைக் காக்கப் போனார்களோ அவர்கள் கையால்! அந்தத் தாய்மார்களிடம் போய், உங்கள் பிள்ளை பெயருக்காகச் செத்தான் என்று எதிரணி நண்பரால் சொல்ல முடியுமா? அதற்குப் பிறகும், ஐயா, அதற்குப் பிறகும் கானா காங்கோவை விட்டு ஓடவில்லை.

தீர்ப்பு உங்கள் கையில், நடுவர் அவர்களே. வணக்கம்.