இரவல் வகுப்பறையில் பதினாறு வாரங்கள்

(திரையில்: காலை வழிபாட்டுக் கூட்டம். ஆசிரியர் வரிசையின் ஓரத்தில் இரண்டு இளம்பெண்கள்.)

ஆசிரியர்களின் வரிசையில் சேர்ந்து நிற்பதா, சற்றுத் தள்ளி நிற்பதா என்று தெரியாமல் தயங்கும் இந்த இருவரும் பி.எட். மாணவியர். நேற்றுவரை கல்லூரியில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தவர்களை இன்று ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் ‘மிஸ்’ என்று அழைக்கிறார்கள். அந்த ஒரு சொல் பூரிப்பையும் அச்சத்தையும் ஒன்றாகவே கொண்டுவருகிறது.

ஓராண்டாக இருந்த பி.எட்., தேசிய ஆசிரியர் கல்வி கவுன்சிலின் 2014ஆம் ஆண்டு விதிமுறைகளால், 2015-16 கல்வியாண்டு முதல் ஈராண்டுப் படிப்பாயிற்று. அதில் 20 வாரங்கள் பள்ளியில் கழிய வேண்டும்: முதலாண்டில் 4 வாரங்கள், இரண்டாமாண்டில் 16 வாரங்கள்.

(திரையில்: கல்லூரி அறை. சக மாணவர்கள் முன் ஒருவர் பாடம் நடத்துகிறார்.)

பள்ளிக்குச் செல்லும் முன் கல்லூரியில் நுண்ணிலைக் கற்பித்தல் நடக்கிறது. வினா கேட்டல், விளக்குதல் போன்ற திறன்களில் ஒன்றை மட்டும் எடுத்துச் சில நிமிடங்கள் பழகுவார்கள். பிள்ளைகளாக அமர்ந்திருப்பவர்கள் தோழர்களே என்பதால், கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் வரும்.

உண்மையான வகுப்பு அப்படி இருப்பதில்லை. இரவெல்லாம் விழித்து எழுதிய பாடக்குறிப்பு இருபது நிமிடங்களில் தீர்ந்துபோகும். மீதி நேரத்தை என்ன செய்வதென்று தெரியாது. பின்வரிசையில் வழிகாட்டி ஆசிரியர் எழுதிக்கொண்டிருப்பார். சத்தம் கூடியதும் பக்கத்து வகுப்பு ஆசிரியர் வாசலில் வந்து ஒருமுறை பார்ப்பார், வகுப்பு அடங்கிவிடும். பயிற்சிக் காலத்தில் இதைவிடக் கூசச் செய்யும் கணம் வேறில்லை என்றே நான் கருதுகிறேன். இந்த வகுப்பு தனக்கு இரவலாகக் கிடைத்தது என்பதும், அது பிள்ளைகளுக்கும் தெரியும் என்பதும் அப்போதுதான் முழுமையாக உறைக்கிறது.

ஆசிரியராகப் பயில்வோரின் கவலைகளை ஆராய்ந்து 1969இல் எழுதிய அமெரிக்கக் கல்வி உளவியலாளர் பிரான்செஸ் ஃபுல்லர், அக்கவலைகள் முதலில் தம்மைப் பற்றியே இருக்கின்றன என்றும், அனுபவம் கூடும்போதுதான் மாணவர்களின் கற்றலை நோக்கித் திரும்புகின்றன என்றும் விளக்கினார். ‘என்னைப் பற்றி என்ன நினைக்கிறார்கள்’ என்ற பதற்றம் குறையல்ல, ஒரு கட்டம் என்று இதனை அறிந்திருந்தால் எத்தனையோ பேர் முதல் வாரத்தில் அழ நேராது.

(திரையில்: கரும்பலகை. 3 × (−2) = −6.)

அந்தத் திருப்பம் எப்படி வரும்? இரண்டு குறை எண்களைப் பெருக்கினால் ஏன் மிகை எண் வருகிறது என்று ஒரு சிறுவன் கேட்கிறான் என்று வைத்துக்கொள்வோம். “விதி அப்படித்தான்” என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள மனம் வராமல், நாளை சொல்வதாகச் சொல்லிவிட்டு வரும் பயிற்சி ஆசிரியை, மறுநாள் மூன்றை, இரண்டை, ஒன்றை, பூச்சியத்தை வரிசையாகக் கழித்தல் இரண்டால் பெருக்கி எழுதுகிறார். விடைகள் −6, −4, −2, 0 என்று ஒவ்வொரு படியிலும் இரண்டு கூடுகின்றன. அடுத்து −1 என்று எழுதி அவர் திரும்புவதற்குள், “ரெண்டு, மிஸ்!” என்று அந்தச் சிறுவனே கத்துகிறான். பின்வரிசையில் யார் அமர்ந்திருக்கிறார் என்பதை அவர் அந்த நிமிடம் மறந்திருப்பார். பேருந்துக் கட்டணத்தையும் சார்ட் அட்டைச் செலவையும் சொந்தப் பணத்தில் பார்த்துக்கொண்டு அலைந்த களைப்பு அங்கே பெரிதாகத் தெரிவதில்லை.

இது நிகழ வழிகாட்டி ஆசிரியரின் கனிவு வேண்டும். “கரும்பலகையைப் பார்த்தே பேசினீர்கள், நாளை பிள்ளைகளைப் பாருங்கள்” என்று தனியே அழைத்துச் சொன்னால் அது பாடம். அதையே பிள்ளைகள் முன்னிலையில் சொன்னால் மறுநாள் குரலே எழும்பாது.

(திரையில்: பள்ளி வாசல், மாலை.)

பதினாறாம் வாரத்தின் கடைசி நாளில், “திங்கட்கிழமை வருவீங்களா, மிஸ்?” என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். திங்கட்கிழமை வழக்கமான ஆசிரியர் அடுத்த பாடத்தைத் தொடங்குவார். அதே நேரத்தில் இவர் கல்லூரியில், பதிவேடுகளைச் சமர்ப்பிக்கும் வரிசையில், மீண்டும் மாணவியாக நின்றுகொண்டிருப்பார்.