எளிமையே நிற்கும்!

நடுவர் அவர்களே, வீராம்பட்டினத்திலிருந்தும் தேவனாம்பட்டினத்திலிருந்தும் வந்திருக்கும் சொந்தங்களே, எல்லோருக்கும் வணக்கம். காலத்தைத் தாண்டி நிற்பது புதுமையா, எளிமையா என்பது தலைப்பு. எளிமைதான் என்கிறேன். எதிரணித் தம்பி போகிற போக்கில் ட்வின் ஆட்டர் விமானத்தை இழுத்து, "சக்கரத்தைக்கூட உள்ளே மடக்கத் தெரியாத காயலான் கடைச் சரக்கு" என்றார். சரி, அதையே பேசுவோம்.

விசைப்படகுக்குத் துறைமுகம் வேண்டும். நம் ஃபைபர் படகு? அலையோடு வந்து மணலில் ஏறிவிடும். ட்வின் ஆட்டர் அந்த ஜாதி. கனடாவின் டிஹாவிலண்ட் நிறுவனம் செய்தது, 1965 மே மாதம் முதன்முதலாகப் பறந்தது, விசிறியைச் சுழற்றி இழுக்கும் இரண்டு டர்போப்ராப் எஞ்சின், ஏறத்தாழ 19 பேர் உட்காரலாம். சக்கரம் மடங்காது என்றீர்களே தம்பி, அதனால்தான் அதைக் கழற்றிவிட்டு மிதவை மாட்டுகிறான், பனியில் சறுக்கும் கட்டை மாட்டுகிறான்! மாலத்தீவில் கடல்மேலேயே வந்து இறங்குகிறது, விமானி வெறுங்காலோடு ஓட்டுகிறார். ஸ்காட்லாந்தின் பாரா தீவில் ஓடுபாதையே கடற்கரை மணல்தான், அலை ஏறினால் ஓடுபாதை தண்ணீருக்குள், அதனால் விமான நேரத்தை ஓதம் பார்த்துத்தான் போடுகிறார்கள். நம் மீனவர் கடலுக்குப் போக நேரம் பார்ப்பது மாதிரியேதான்.

அப்புறம் 2001 ஏப்ரல். தென் துருவ ஆய்வு நிலையத்தில் மருத்துவருக்கே உடம்பு முடியவில்லை. ஆறு மாத இருட்டு, மைனஸ் 60 டிகிரியை ஒட்டிய குளிர், பெரிய விமானங்களை அனுப்ப வழியில்லாத பருவம். போய் இறங்கி அவரை ஏற்றிக்கொண்டு வந்தது இந்தக் காயலான் கடைச் சரக்குதான் நடுவர் அவர்களே, இதைச் சொல்லும்போதே எனக்குச் சிலிர்க்கிறது.

1988-இல் தயாரிப்பை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு எத்தனையோ புது விமானங்கள் வந்தன, ஆனாலும் இதன் இடத்தில் இன்னொன்று உட்காரவில்லை. வைக்கிங் ஏர் என்ற இன்னொரு கனடா நிறுவனம் உரிமையை வாங்கி, 2010-இல் புதிதாகவே செய்து பறக்கவிட்டது. விமானி அறையில் கணினித் திரை வந்தது, எஞ்சினும் புது ரகம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மேலே வைத்த அந்த நீள இறக்கை, மடங்காத அந்தக் கால், அதில் கை வைத்தார்களா? தம்பி எழுந்து பதில் சொல்லட்டும்.