மேட்ச்சை நிறுத்தணுமா? மொதல்ல ஜெனரேட்டர் எங்க நிக்குதுன்னு பாருங்க

எல்லாருக்கும் வணக்கம். எனக்குக் குடுத்த தலைப்பு, ஒரு பெரிய இயற்கைப் பேரழிவுக்கு அப்புறம் பெரிய விளையாட்டுப் போட்டிகளை ரத்து பண்ணணுமா வேணாமான்னு. பட்டிமன்றத் தலைப்பு மாதிரியே இருக்கு, எந்தப் பக்கம் பேசினாலும் கைதட்டல் வாங்கலாம். "அங்க இடிபாட்டுல பொணம் தேடிட்டு இருக்காங்க, இங்க உங்களுக்கு சிக்ஸர் கேக்குதா"ன்னு ஒருத்தர் கேட்டா தட்டுவீங்க, "ஜனங்களுக்கு ஒரு ஆறுதல் வேணாமா, வாழ்க்கை நின்னுடலாமா"ன்னு இன்னொருத்தர் கேட்டா அதுக்கும் தட்டுவீங்க. நான் ரெண்டுமே பேசப் போறதில்ல. மரியாதை, மன உறுதி, இதெல்லாம் பெரிய வார்த்தைங்க, இதை வச்சு எந்தப் பக்கம் வேணாலும் தீர்ப்பு எழுதலாம். என் கேள்வி கொஞ்சம் வறட்டுத்தனமானது. அந்தப் போட்டி நடந்தா, அடிபட்டவன் கையில இருந்து அது எதைப் பிடுங்குது?

2012 அக்டோபர் 29, திங்கக்கிழமை ராத்திரி சாண்டி புயல் நியூயார்க்கை அடிச்சுது. கடல் ஊருக்குள்ள வந்துடுச்சு, சப்வே சுரங்கத்துல தண்ணி, மன்ஹாட்டனோட தெக்குப் பக்கம் பூரா இருட்டு. அந்த வாரம் ஞாயித்துக்கிழமை நியூயார்க் மாரத்தான், நாப்பதாயிரம் பேருக்கு மேல ஓடுற ஓட்டம். மேயர் ப்ளூம்பெர்க் நடக்கும்னு சொல்லிட்டார், 2001ல இரட்டைக் கோபுரம் விழுந்தப்பவும் நடத்தினோமே, ஊருக்கு அது நல்லதுதானே செஞ்சுதுன்னு வாதம். கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா 2001ல நடுவுல ரெண்டு மாசம் போயிருந்துச்சு, இங்க ஒரு வாரம் கூட ஆகல. அதோட ஓட்டம் தொடங்குற இடம் எது தெரியுமா, ஸ்டேட்டன் ஐலண்ட், புயல்ல ரொம்ப அடி வாங்கின இடங்கள்ல ஒண்ணு. வீடு போனவங்க ஹோட்டல்ல வந்து தங்கியிருக்காங்க, அதே ரூமை ஓட வர்றவங்க எப்பவோ புக் பண்ணி வச்சிருக்காங்க, ஒரு ஹோட்டல்காரர் வீடு இல்லாதவங்களை நான் வெளிய அனுப்ப மாட்டேன்னு சொல்லிட்டார். இன்னொரு பக்கம் சென்ட்ரல் பார்க்ல மீடியா டென்ட்டுக்குன்னு பெரிய பெரிய ஜெனரேட்டரைக் கொண்டு வந்து நிறுத்தியிருந்தாங்க, அந்த போட்டோ பேப்பர்ல முதல் பக்கத்துல வந்துச்சு. அதுக்கு மேல யார் என்ன பேசியும் எடுபடல. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரத்துன்னு அறிவிச்சாங்க, அதுக்குள்ள உலகம் பூரா இருந்து ஓடுறவங்க ஃப்ளைட் பிடிச்சு வந்து இறங்கியாச்சு.

இப்போ இதைக் கவனிங்க. அதே வெள்ளிக்கிழமை அதே ஊர்ல மேடிசன் ஸ்கொயர் கார்டன்ல நிக்ஸ் டீம் மயாமியோட பாஸ்கெட்பால் ஆடுச்சு. ஞாயித்துக்கிழமை ஆத்துக்கு அந்தப் பக்கம் நியூஜெர்சில ஜயன்ட்ஸ் டீம் அமெரிக்கன் ஃபுட்பால் ஆடுச்சு. எதிர்ல ஆட வந்த பிட்ஸ்பர்க் டீமுக்கு தங்க ரூம் சரியா அமையல, அதனால முந்தின நாளே வந்து தங்காம மேட்ச் அன்னைக்குக் காலைல ஃப்ளைட்ல வந்து ஆடிட்டுப் போனாங்க. இதுக்கெல்லாம் மாரத்தானுக்கு வந்த அளவு கோவம் வரல. ஏன்? அதே துக்கம், அதே வாரம், அதே ஜனங்க. ஒரு அரங்கத்துக்குள்ள நடக்குற மேட்ச் நாலு வாசலோட முடிஞ்சு போகுது, மாரத்தான் அப்படி இல்ல, 42 கிலோமீட்டர் ரோட்டை அடைக்கும், வழி நெடுக போலீஸ் வேணும், ஆம்புலன்ஸ் வேணும், தண்ணி வேணும், அது எல்லாமே அந்த வாரம் வேற யாருக்கோ உசுரு போற அளவுக்குத் தேவைப்பட்டுச்சு.

ரத்தான அந்த ஞாயித்துக்கிழமை ஓட வந்தவங்கள்ல பெரிய கூட்டம் ஒண்ணு முதுகுல பை நிறைய சாமானோட ஸ்டேட்டன் ஐலண்ட் போய் வீடு வீடா குடுத்துட்டு வந்துச்சு. ரத்துன்னு சொன்னா எல்லாம் வீணாப் போச்சுன்னு புலம்புறவங்களுக்காக இதைச் சொல்றேன்.

இத்தாலில 2023 மே மாசம் எமிலியா ரொமான்யா பகுதில வெள்ளம் வந்தப்ப ஃபார்முலா ஒன் கார் ரேஸ் நடத்துறவங்க இமோலா ரேஸை புதன்கிழமையே ரத்து பண்ணிட்டாங்க, ரேஸ் ஞாயித்துக்கிழமை. எமர்ஜென்சி ஆளுங்களுக்கு மேல மேல சுமை ஏத்தக்கூடாதுங்கிறதுதான் அவங்க சொன்ன காரணம். எனக்கு இந்த காரணம் பிடிச்சிருக்கு, நாங்க ரொம்ப உருகிப்போயிட்டோம்னு கதை விடல பாருங்க. யூகி சுனோடான்னு ஒரு ட்ரைவர், அப்போ அவர் இருந்த டீமோட ஊரே அந்தப் பக்கம் ஃபயென்சாதான், அவர் தெருவுல இறங்கி சேறு அள்ளினார்.

சில சமயம் பிடுங்குற பொருள் கண்ணுக்கே தெரியாது. 2011 மார்ச் 11 ஜப்பான் நிலநடுக்கம், சுனாமி, ஃபுகுஷிமா அணு உலை விபத்து. டோக்கியோ பக்கம் முறை வச்சு கரன்ட் கட். அந்த நிலைமைல பேஸ்பால் சென்ட்ரல் லீக் நிர்வாகம் மார்ச் 25 அன்னைக்கே சீசனைத் தொடங்கணும்னு நின்னுச்சு, ராத்திரி மேட்ச்சுக்கு எவ்ளோ கரன்ட் போகும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. ஆடுற பசங்களோட சங்கமே எதிர்த்துச்சு, அரசாங்கமும் சொல்லிப் பாத்துச்சு, அப்புறம் 29ன்னு இழுத்து, கடைசில ஏப்ரல் 12க்குப் போச்சு. நம்ம நாட்டுலயும் 2016ல மகாராஷ்டிரால கடும் வறட்சி, ஐபிஎல் மைதானத்துக்குத் தண்ணி ஊத்துறதான்னு வழக்கு போச்சு, ஏப்ரல் 30க்கு அப்புறம் இருந்த மேட்ச்சை வெளிய கொண்டு போங்கன்னு பாம்பே ஹைகோர்ட் சொல்லிடுச்சு. வறட்சில சைரன் சத்தம் இல்ல, டிவில காட்ட ஒண்ணும் இல்ல, அதனால அது பேரழிவுன்னே நம்ம மண்டைல ஏற மாட்டேங்குது.

சரி, அப்போ எல்லாத்தையும் இழுத்து மூடிடலாமான்னு கேட்டா, கிடையவே கிடையாது. 2004 டிசம்பர் 26 சுனாமி. நியூஸிலாந்துல ஆடிட்டு இருந்த இலங்கை டீம் பாதில டூரை விட்டுட்டு ஊருக்குப் போச்சு, வீட்ல என்ன ஆச்சுன்னே தெரியாதப்ப எவன் பேட் பிடிப்பான். ஆனா ஜனவரி 10ஆம் தேதி மெல்போர்ன்ல உலக லெவனும் ஆசிய லெவனும் ஆடுனாங்க, எழுபதாயிரம் பேர் பக்கம் வந்தாங்க, ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல நிவாரணத்துக்குச் சேர்ந்துச்சு. மெல்போர்ன்ல அலை அடிக்கல, அங்க நிக்கிற போலீஸை வேற எங்கயும் யாரும் தேடல. அங்க மேட்ச்சை நிறுத்தியிருந்தா யாருக்கு என்ன லாபம்?

2023 துருக்கி நிலநடுக்கம் இன்னும் கனமான விஷயம். பிப்ரவரி 6, விடியக்காலைல 4 மணி 17 நிமிஷம். அங்க கால்பந்து லீக்கை நிறுத்துனாங்க, ஹடாய்ஸ்போர் டீம்ல ஆடிட்டு இருந்த கானா நாட்டு ப்ளேயர் கிறிஸ்டியன் அட்சு இடிபாட்டுலயே போயிட்டார். அந்த டீமும் காஸியான்டெப் டீமும் அந்த சீசனை விட்டே விலகிட்டாங்க. அப்புறம் லீக் திரும்பத் தொடங்கிச்சு, பிப்ரவரி 26 இஸ்தான்புல்ல பெஷிக்டாஷ் மேட்ச், ஆட்டம் சரியா 4 நிமிஷம் 17 செகண்ட்ல நின்னுச்சு, கேலரில இருந்து ஜனங்க பொம்மை எறிய ஆரம்பிச்சாங்க, கரடி பொம்மை, நாய் பொம்மை, ஆயிரக்கணக்குல, பச்சைப் புல்லு மேல எங்க பாத்தாலும் பொம்மை, எல்லாம் நிலநடுக்கத்துல தப்பிச்ச குழந்தைங்களுக்கு. அடிபட்ட ரெண்டு டீமையும் ஆடச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தல, மத்தவங்க ஆடுனாங்க. என்னைக் கேட்டா இது ரெண்டும் சேர்ந்ததுதான் சரியான முடிவு.

ஆனா முடிவு யார் எடுக்கிறாங்கங்கிறதுலதான் வண்டி கவுருது. 2024 அக்டோபர் கடைசில ஸ்பெயின்ல வாலென்சியா வெள்ளம், இருநூறு பேருக்கு மேல செத்தாங்க. அந்த நாட்டுக் கால்பந்து லீக் லா லிகா, அந்தப் பகுதி மேட்ச்சை மட்டும் தள்ளி வச்சுட்டு மத்ததை நடத்துச்சு. அதுல தப்பில்லைன்னு என் கணக்குப்படியே சொல்லலாம், ஆனா அன்செலோட்டி, சிமியோனே மாதிரி பெரிய கோச்சுங்களே இந்த வாரம் யாரும் ஆடியிருக்கக் கூடாதுன்னு வெளிப்படையா சொன்னாங்க. அவங்க சொல்றதையும் ஒதுக்கிட முடியல, ஏன்னா உள்ள இறங்கி ஆடுறது அவங்க பசங்க, அந்தப் பசங்களுக்கு அங்க அண்ணன் தம்பி இருப்பான். அங்க நடக்க வேண்டிய மோட்டோஜிபி பைக் பந்தயத்தோட கடைசி ரேஸைப் பத்தி ரைடருங்க வாய் திறந்தாங்க, இங்க வேணாம்னு சொன்னாங்க, ரேஸ் பார்சிலோனாவுக்குப் போச்சு.

நியாயம்னு ஒண்ணும் இருக்கு. 2019 ஜப்பான் ரக்பி உலகக் கோப்பைல ஹகிபிஸ் புயலால மூணு மேட்ச் ரத்து, மூணும் 0-0 சமன்னு எழுதி ஆளுக்கு ரெண்டு பாயின்ட் குடுத்தாங்க. நியூஸிலாந்தோட ஆட வேண்டிய இத்தாலி அந்த மேட்ச்ல ஒரு பந்தைத் தொடாமலே வெளிய போச்சு. நியூஸிலாந்துக்குப் பாயின்ட் தேவைப்பட்டிருந்தா ரத்து பண்ணியிருப்பாங்களான்னு இத்தாலி கேப்டன் பரிஸ்ஸே கேட்டார், கேக்கத்தானே செய்வார். கமைஷி ஊர்ல ஆட வேண்டிய மேட்ச் ரத்தான கனடா டீம் கம்முனு மண்வெட்டியை எடுத்துட்டு ஊர்ச்சேறு அள்ளப் போயிட்டாங்க.

அதனால நான் கேக்குறது இதுதான், பெரிய போட்டிக்கு ஒப்பந்தம் போடுறப்பவே எழுதிடுங்க: பேரழிவு வந்தா முடிவு யார் கையில, எத்தனை மணி நேரத்துக்கு முன்னாடி சொல்லணும், மாத்து இடம் எது, பாயின்ட் எப்படி. டிவிக்காரனுக்கு இன்சூரன்ஸ் இருக்கு, நிர்வாகத்துக்கு இருக்கு, வாசல்ல தினக்கூலிக்கு நிக்கிறவனுக்கும் கேலரி பெருக்குறவங்களுக்கும் கிடையாது, ரத்தானா அவங்க அன்னைக்குக் கூலியும் அதே காகிதத்துல வரணும். நடத்துறதுன்னு முடிவு பண்ணா கறுப்புப் பட்டை கட்டுங்க, ஒரு நிமிஷம் எந்திரிச்சு நில்லுங்க, எனக்கு ஆட்சேபணை இல்ல, ஆனா நிவாரணத்துக்குத்தான் ஆடுறோம்னு சொல்லி நடத்துனீங்கன்னா டிக்கெட்ல எவ்ளோ வந்துச்சு, யார்கிட்ட போய்ச் சேர்ந்துச்சுன்னு மறுவாரமே கணக்கை வெளிய வைங்க.