தொண்ணூறு டாலர் கணக்கு

வணக்கம். நம் ஊரில் நர்சிங் ஹோம் என்றால் பிரசவத்துக்கும் குடல்வால் ஆபரேஷனுக்கும் போகிற சின்ன ஆஸ்பத்திரி. நாலு நாளில் பிளாஸ்க்கையும் கூடையையும் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவோம். இங்கே அமெரிக்காவில் அதே பெயருக்கு அர்த்தம் வேறு. தானாக எழுந்து குளிக்கவோ உடுத்தவோ முடியாத முதியவர்கள் வருடக்கணக்கில் தங்குகிற இடம் அது. அப்படி ஓர் இடத்தில் சமூகப் பணியாளராகப் பல வருடம் வேலை பார்த்தவள் நான். அங்கே என்னை அதிகம் அலைக்கழித்தது முன்னாள் ராணுவத்தினரின் பணக் கணக்குதான். கேட்டுக்கொண்டிருப்பவர்களில் நர்ஸ்கள் பலர் இருப்பீர்கள். மற்றவர்களுக்கும் பக்கத்து வீட்டில் பட்டாளத்துத் தொப்பியோடு ஒரு தாத்தா இருப்பார். அதனால்தான் இந்தப் பேச்சு.

நர்சிங் ஹோமுக்கு யார் பணம் கட்டுவது? முதியவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் கட்டும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் மூன்று நாள் படுத்து எழுந்த பிறகு அது அதிகபட்சம் 100 நாள் கொடுக்கும். அதிலும் 21-ம் நாளிலிருந்து நம் பங்கு உண்டு. அதற்குப் பிறகு சேமிப்பு கரையும். கரைந்தபின் மெடிக்கெய்ட். மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து நடத்துகிற, இல்லாதவர்களுக்கான திட்டம். தனி ஆளாக இருந்தால் பெரும்பாலான மாநிலங்களில் கையிருப்பு 2,000 டாலருக்குள் இருக்க வேண்டும். வருகிற சோஷியல் செக்யூரிட்டி, அதாவது அரசின் முதியோர் ஓய்வூதியம், முழுவதும் நர்சிங் ஹோமுக்குப் போகும். கைச்செலவுக்கு ஒரு சிறு தொகை மட்டும் மிஞ்சும். மத்திய அரசு வைத்த குறைந்தபட்சம் மாதம் 30 டாலர். 1988-ல் வைத்தது, இன்னும் அதேதான். மாநிலங்கள் விருப்பப்பட்டால் கூட்டித் தரலாம்; பல மாநிலங்கள் தருகின்றன.

இப்போது ராணுவப் பணத்துக்கு வருவோம். வேலூர்ப் பக்கம் பட்டாளத்துப் பென்ஷன் என்றால் பதினைந்து வருட சர்வீஸுக்குக் கிடைப்பது. அமெரிக்க முன்னாள் ராணுவத்தினர் துறையை இங்கே எல்லோரும் வி.ஏ. என்பார்கள். அவர்கள் பென்ஷன் என்று சொல்வது வேறு. அது ஏழ்மைக்கான உதவி. 90 நாள் சர்வீஸ், அதில் ஒரு நாளாவது போர்க்காலத்தில், 65 வயது நிறைவு அல்லது உடல் முடியாமை, வருமானமும் சொத்தும் குறைவு: பொதுவாக இவ்வளவு இருந்தால் போதும். போர்முனைக்கே போயிருக்க வேண்டியதில்லை. குளிப்பாட்ட, உடுத்த ஆள் வேண்டிய நிலை வந்துவிட்டால், 'எய்ட் அண்ட் அட்டெண்டன்ஸ்' என்று கூடுதல் சேரும். 2025-ல் துணையில்லாத ஒருவருக்கு இது மாதம் 2,358 டாலர் வரை போனது. போரிலோ பணியிலோ ஏற்பட்ட காயத்துக்கும் நோய்க்கும் கொடுப்பது இழப்பீடு. அது தனிக் கணக்கு. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

ஒரு பெரியவரைப் பற்றிச் சொல்கிறேன். வியட்நாம் போர்க் காலத்துக்காரர், மனைவி தவறிவிட்டார். வீட்டில் ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ள மாதம் சுமார் 2,000 டாலர் பென்ஷன் வந்துகொண்டிருந்தது. பிறகு எங்களிடம் வந்து சேர்ந்தார், மெடிக்கெய்டும் கிடைத்தது. சில மாதம் கழித்து ஒரு கடிதம். இனி உங்கள் பென்ஷன் மாதம் 90 டாலர். அவர் அந்தக் கடிதத்தை என் மேசையில் வைத்து விரலால் தட்டினார். "பூஜ்யம் ஒன்று விட்டுப்போச்சா?"

விட்டுப்போகவில்லை. அதுதான் சட்டம். மனைவியோ சார்ந்திருக்கும் பிள்ளையோ இல்லாத ஒருவர், மெடிக்கெய்ட் செலவில் நர்சிங் ஹோமில் இருந்தால், பென்ஷன் 90 டாலருக்கு மேல் போகாது. இறந்த ராணுவத்தினரின் மனைவிக்கும் இதே விதி. பெரியவருடைய மகள், ஐம்பது வயது அம்மா, உடனே கேட்டார்: "நான் அவர் பிள்ளைதானே?" பிள்ளைதான். ஆனால் வி.ஏ. கணக்கில் பிள்ளை என்றால் 18 வயதுக்குள் இருக்க வேண்டும். படித்துக்கொண்டிருந்தால் 23 வரை. சிறு வயதிலேயே உடல் முடியாமல் போனவர்களுக்கு மட்டும் வயது வரம்பு கிடையாது. ஐம்பது வயதுப் பிள்ளையைச் சட்டம் பிள்ளை என்று சொல்லாது என்பதை எந்த அம்மாவும் ஒத்துக்கொள்ள மாட்டாள், அவரும் ஒத்துக்கொள்ளவில்லை.

ஏன் இப்படி ஒரு விதி? கஞ்சத்தனம் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். யோசித்துப் பாருங்கள். பென்ஷன் முழுசாக வந்தாலும் அது பெரியவர் பையில் தங்காது, நர்சிங் ஹோமுக்கே போகும். அந்த அளவுக்கு மெடிக்கெய்டின் செலவு குறையும். அதாவது வி.ஏ. கொடுத்தது மெடிக்கெய்டுக்கு லாபம். மெடிக்கெய்டில் மாநிலங்களுக்கும் பங்கு உண்டு, வி.ஏ. பணமோ முழுக்க மத்திய அரசுடையது. 1990-ல் நாடாளுமன்றம் பட்ஜெட் சட்டத்தோடு சேர்த்து இந்த 90 டாலர் வரம்பைக் கொண்டுவந்தது. தற்காலிகம் என்றார்கள். முடிவுத் தேதியைப் பலமுறை தள்ளிப்போட்டாயிற்று. தொகை மட்டும் நகரவே இல்லை. ஒரே வீட்டில் அண்ணன் தம்பி இருவரும் 'நீ கட்டு, நீ கட்டு' என்று பில்லைத் தள்ளிக்கொள்கிற மாதிரிதான்.

ஆனால் இதில் ஒரு நல்ல அம்சம் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. அந்த 90 டாலரை மெடிக்கெய்ட் தொட முடியாது. நர்சிங் ஹோமுக்குக் கட்டச் சொல்லவும் முடியாது. அது அவருடைய சொந்தக் காசு. மெடிக்கெய்டில் இருக்கும் பக்கத்துக் கட்டில்காரரிடம் 30 டாலர் மட்டும் இருக்கும்போது 90 பெரிய தொகை. ஏற்கெனவே மெடிக்கெய்டில் இருக்கும் முன்னாள் ராணுவத்தினர் பலர், வி.ஏ.விடம் கேட்கவே இல்லை என்பதால் அது இல்லாமல் கிடக்கிறார்கள்.

மனைவி வீட்டில் இருந்தால் இந்த வெட்டு கிடையாது. மாநில அரசு நடத்தும் முன்னாள் ராணுவத்தினர் இல்லங்களில் இருப்பவர்களுக்கும் வெட்டு இல்லை. பென்ஷன் முழுசாக வரும், ஆனால் 90-க்கு மேல் உள்ளதை அந்த இல்லம் தன் செலவுக்கு எடுத்துக்கொள்ளலாம். இழப்பீடு வாங்குபவர்களுக்கு 90 டாலர் விதியே கிடையாது. ஆனால் இழப்பீட்டை மெடிக்கெய்ட் வருமானமாகக் கணக்கிட்டு நர்சிங் ஹோம் பக்கம் தள்ளிவிடும். இதனால் ஒரு வேடிக்கை நடக்கிறது. இயலாமைச் சதவீதம் குறைவு என்பதால் சின்ன இழப்பீடு வாங்குபவர் கையில் மிஞ்சுவது, 90 டாலர் பென்ஷன்காரரை விடக் குறைவாகக்கூட இருக்கலாம்.

பெரிய சதவீதம் என்றால் கதையே மாறும். பணி தொடர்பான இயலாமை 70 சதவீதமோ அதற்கு மேலோ என்று வி.ஏ. மதிப்பிட்டிருந்தால், நர்சிங் ஹோம் பராமரிப்பை வி.ஏ.வே தர வேண்டும். 1999-ல் வந்த சட்டம். மெடிக்கெய்ட் வாசலுக்கே போக வேண்டாம். அதனால் புதிதாக ஒருவர் வந்தால், முன்னாள் ராணுவமா, எத்தனை சதவீதம் என்ற இரண்டு கேள்விதான் முதலில் கேட்பேன். 2022-ல் வந்த பேக்ட் சட்டத்துக்குப் பிறகு ஏஜென்ட் ஆரஞ்சு (வியட்நாம் போரில் அமெரிக்க ராணுவம் தெளித்த களைக்கொல்லி) நோய்ப் பட்டியலில் ரத்தக்கொதிப்பும் சேர்ந்திருக்கிறது. வியட்நாமில் இருந்தவர்கள் பழைய சதவீதத்தோடு உட்கார்ந்திருக்கத் தேவையில்லை.

சரி, பெரியவர் கதையில் ஒன்று விட்டுப்போச்சு. அந்தக் கடிதம் வருவதற்கு முன் நான்கு மாதம் பழைய பென்ஷனே வங்கியில் விழுந்துகொண்டிருந்தது. அப்பா பணம் பத்திரமாக இருக்கட்டும் என்று மகள் தொடவில்லை. கையிருப்பு 2,000 டாலரைத் தாண்டியது, மெடிக்கெய்ட் சிக்கலில் மாட்டியது. வி.ஏ. தாமதமாகக் குறைத்ததற்கு அவரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்க முடியாது. தெரிந்தே மறைத்திருந்தால்தான் சட்டம் கேட்கும். ஆனால் வங்கிக் கணக்கில் குவிந்த பணத்தை மாநிலம் வேறு கண்ணால் பார்க்கும். சேர்ந்த நாளன்றே வி.ஏ.வுக்கும் மெடிக்கெய்டுக்கும் எழுத்தில் சொல்லியிருந்தால் இந்த அலைச்சல் எல்லாம் மிச்சம். முதல் விண்ணப்பத்தை எழுதித் தர யாராவது கட்டணம் கேட்டால் கதவைச் சாத்துங்கள், அது சட்டவிரோதம். பல கவுண்டிகளில், அதாவது நம் மாவட்டம் மாதிரியான பிரிவுகளில், இதற்கென்றே அதிகாரி இருக்கிறார், இலவசம்.

எல்லாவற்றுக்கும் அடித்தளம் டி.டி. 214 என்ற விடுவிப்புத் தாள். கொரியப் போர்க் காலத்து ஆட்களிடம் அது இல்லையென்றால் எனக்கு வயிறு கலங்கும். 1973 ஜூலையில் செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத்தில் பிடித்த தீயில், 1912 முதல் 1959 வரை தரைப்படையிலிருந்து வெளியேறியவர்களின் கோப்புகளில் சுமார் 80 சதவீதம் போய்விட்டது. வீட்டில் இருக்கும் பிரதிதான் பல நேரம் கடைசிப் பிரதி. நம் பெரியவர் அதை ஷூ டப்பாவில், மனைவியின் கல்யாணப் போட்டோவுக்கு அடியில் வைத்திருந்தார்.

கடைசியில் கணக்கு சரியானது. இரண்டாவது வெள்ளிக்கிழமை தோறும் வாக்கரைத் தள்ளிக்கொண்டு கணக்கு ஜன்னலுக்கு வருவார். முடிவெட்ட இவ்வளவு, லாட்டரிச் சீட்டுக்கு இவ்வளவு என்று பிரித்து, மீதியை ஒற்றை டாலர் நோட்டாகத்தான் கேட்பார். ஏன் என்று ஒரு நாள் கேட்டேன். "எண்ணினால் நிறைய இருக்கிற மாதிரி இருக்கு," என்றார். நன்றி, வணக்கம்.