எந்த ஊர் மாதா?

நேயர்களுக்கு வணக்கம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடை வைத்து எனக்கு முப்பது வருஷம் ஆகிறது. பர்மா தேக்குத் தூண், பெல்ஜியம் கண்ணாடி, எனாமல் தூக்குச்சட்டி, இதைப் பற்றியெல்லாம் பேசுவேன் என்று நினைத்துத்தான் என்னைக் கூப்பிட்டிருப்பார்கள். நான் பேசப்போவது கோவாவில், பழைய கோவா (ஓல்ட் கோவா) என்ற ஊரில் பார்த்த கிறிஸ்தவக் கலை அருங்காட்சியகத்தைப் பற்றி. நான் கிறிஸ்தவன் இல்லை. ஆனால் அந்த இடத்தோடு எனக்கு ஒரு பழைய பாக்கி உண்டு.

பல வருஷத்துக்கு முன்னால், இடித்த வீட்டுச் சாமான்களோடு ஒரு மாதா சுரூபம் கடைக்கு வந்தது. மரத்தில் செய்தது, ஒன்றரை முழம் இருக்கும். கதவு நிலைகளுக்கு நடுவே சாக்கில் சுற்றிக் கிடந்தது. வலது கை இல்லை, கை செருகியிருந்த துளை மட்டும் இருந்தது. மூன்றே நாளில் விற்றுவிட்டேன். வாங்கியவர் பணத்தை எண்ணி வைத்துவிட்டு, "இது எந்த ஊர் மாதாங்க?" என்று கேட்டார். "பழைய வீட்டுச் சாமான் சார்" என்றேன். எங்கள் தெருவில் எல்லாருக்கும் மனப்பாடமான பதில் அது. அவர் ஒன்றும் சொல்லாமல் எடுத்துக்கொண்டு போனார்.

சரி, கோவாவுக்கு வருவோம். இந்த அருங்காட்சியகம் 1994-இல் ராச்சோல் என்ற ஊரில், பாதிரியார் ஆகப் படிப்பவர்களின் குருமடத்தில் தொடங்கியது. 2002-இல் பழைய கோவாவில் உள்ள சாந்தா மோனிக்கா கன்னிமடத்துக்கு மாறியது. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய மடம். கோட்டை மாதிரிக் கனத்த சுவர், உள்ளே முற்றம், சுற்றி வளைய வரும் தாழ்வாரம். நம் செட்டிநாட்டு வீட்டில் வளர்ந்தவனுக்கு முற்றத்தைப் பார்த்ததுமே கால் தானாகச் செருப்பைத் தேடிக் கழற்றப் போகிறது!

அந்த மடத்தின் கதைதான் என்னை உட்காரவைத்தது. 1830-களில் போர்ச்சுகல் அரசு துறவற சபைகளைக் கலைத்தது. புதிதாக யாரும் சேரக் கூடாது, உள்ளே இருக்கும் கன்னியர் மட்டும் கடைசிவரை இருக்கலாம் என்று விட்டார்கள். ஒவ்வொருவராகப் போனார்கள். கடைசிக் கன்னிகை இறந்தது 1885-இல். ஐம்பது வருஷமாக ஒரு கட்டடம் மெல்ல மெல்லக் காலியாகியிருக்கிறது. கானாடுகாத்தான் பக்கம் எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறேன்! வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் ஒரே ஒரு ஆச்சி, வாசலில் ஒரு காவல்காரர், மற்ற அறையெல்லாம் பூட்டு. அந்த ஆச்சி போன அடுத்த மாதம் எங்களுக்குப் போன் வரும்.

உள்ளே வெள்ளி, மரம், தந்தம், ஜரிகை வேலை செய்த பூசை உடைகள் எல்லாம் இருக்கின்றன. எனக்குத் தந்தத்தை விட்டு நகர மனமில்லை. நல்ல மேய்ப்பன் என்று ஒரு உருவம். குழந்தை இயேசு மலை உச்சியில் உட்கார்ந்து, கன்னத்தில் கை வைத்து, கண்ணை மூடியிருக்கிறார். தோளில் ஆடு, மடியில் ஆடு. கீழே அடுக்கடுக்காகப் பாறை, நீரூற்று, குகைக்குள் இயேசுவின் சீடரான மகதலேனா மரியாள். அந்த மூடிய கண்ணும் கன்னத்துக் கையும் ஐரோப்பியச் சாயல் இல்லை. புத்தர் சாயல் என்கிறார்கள். எனக்கு மதியச் சாப்பாட்டுக்குப் பின் திண்ணையில் கண்ணயர்ந்த நம்மூர்ப் பிள்ளை மாதிரி இருந்தது.

வெள்ளியில் ஒரு நற்கருணைப் பேழை, அதாவது பூசை அப்பத்தை வைக்கும் பெட்டி, பறவை வடிவம். கூழைக்கடா தன் நெஞ்சைக் கொத்தி அந்த ரத்தத்தைக் குஞ்சுக்கு ஊட்டும் என்று கிறிஸ்தவர்கள் ஒரு கதை சொல்வார்கள். அதை வைத்துச் செய்தது. கண்மாயில் வந்து இறங்கும் கூழைக்கடாவை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இது அதுபோல இல்லை, கோயில் அன்ன வாகனம் மாதிரி இருக்கிறது. செய்த ஆசாரிக்குக் கை எந்தப் பறவையில் பழகியிருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்து கைவினைஞர்கள் கிறிஸ்தவ உருவங்களைச் செய்யக் கூடாது என்று 1567-இல் கோவாவில் கூடிய திருச்சபை மன்றம் தடை போட்டது. அதற்குப் பிறகும் தடை போட்டிருக்கிறார்கள். தடையைத் திரும்பத் திரும்பப் போட வேண்டியிருந்தது என்றால், வேலை நிற்கவில்லை என்றுதானே அர்த்தம்? தந்தம் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது, கதை பைபிளிலிருந்து வந்தது, உளி பிடித்த கை இங்கத்திக் கை. கையெழுத்துப் போடும் வழக்கம் அவர்களுக்கு இல்லை.

நம் சீமைக்கும் இது புதிதில்லை. சருகணி தேவாலயத்துக்கு மருது சகோதரர்கள் மானியம் விட்டதை இன்றும் சொல்கிறார்கள். ஓரியூரில் 1693-இல் உயிர்விட்ட போர்ச்சுகீசியப் பாதிரியார் அருளானந்தர், லிஸ்பனிலிருந்து வந்து முதலில் இறங்கியதே கோவாவில்தான், 1673-இல். அப்போது இந்த மடத்தில் கன்னியர் இருந்தார்கள்.

ஆனால் நான் பொறாமைப்பட்டது வெள்ளியைப் பார்த்து இல்லை, அதன் பக்கத்தில் இருந்த சின்ன அட்டையைப் பார்த்து. என்ன பொருள், எந்தக் காலம், எந்தக் கோயிலிலிருந்து வந்தது. பூசையை விட்டு வந்த பாத்திரம்தான், தேர் ஏறாத சுரூபம்தான். அதில் எனக்கும் வருத்தம் உண்டு. ஆனால் அதற்கு விலாசம் இருக்கிறது. என் கடை வழியாகப் போன ஆயிரம் பொருளுக்கு அந்த ஒரு வரி இல்லை. அழித்தது காலம் என்று சொல்லித் தப்பிக்கலாம். அழித்தது நான்தான், பில்லில் "பழைய சாமான் 1" என்று எழுதி.

ஊருக்கு வந்ததும் நீள நோட்டு ஒன்று போட்டேன். கொண்டுவருபவரிடம் எந்த ஊர், எந்த வீடு, எந்த அறையில் இருந்தது என்று கேட்கிறேன். "போலீஸ் மாதிரிக் கேக்குறீங்களேண்ணே" என்று சிலர் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார்கள். போன மாசம் ஒரு பையன் மரச் சிலுவை ஒன்று கொண்டுவந்தான். தேவகோட்டைப் பக்கம் என்றான், எந்த வீடு என்று தெரியவில்லை. "அப்பத்தாகிட்ட கேட்டுட்டு வர்றேன்" என்று சிலுவையைக் கடையிலேயே வைத்துவிட்டுப் போனான். நோட்டில் அந்த இடம் மட்டும் காலியாக இருக்கிறது. அவன் இன்னும் வரவில்லை. சிலுவையை நான் விற்கவில்லை.