இரண்டு பேர் சேர்ந்து தேடினால்

வணக்கம். அரிசியில் கல் பொறுக்குவதிலிருந்து தொடங்கலாம். ஒரே முறத்தின் மேல் இரண்டு பேர் குனிகிறார்கள். பளிச்சென்று தெரியும் கருங்கல்லுக்கு இரண்டு கையும் ஒன்றாகப் போகும். அரிசி நிறத்திலேயே கிடக்கும் வெள்ளைக் கல்லை இருவருமே விட்டுவிடுவார்கள். ஆள் இரண்டு, பார்த்த இடம் என்னவோ ஒன்றுதான். ‘இரண்டு பேர் தேடினால் பாதி நேரம்’ என்ற கணக்கு இங்கேதான் உதைக்கிறது.

அந்தக் கணக்கு பலித்த ஒரு சோதனையும் உண்டு. நியூயார்க் மாநிலத்தின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் சூசன் பிரென்னன், கிரெகரி ஜெலின்ஸ்கி ஆகியோரின் குழு செய்து 2008இல் வெளியிட்டது. திரை நிறைய ஆங்கில ‘கியூ’ (Q) எழுத்துகள். நடுவே ஒரே ஒரு ‘ஓ’ (O) இருக்கிறதா என்று கண்டுபிடிக்க வேண்டும். அந்தச் சிறு வால் இல்லாததைத்தான் தேட வேண்டும் என்பதால் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தே தீர வேண்டும். தேடுகிற இருவரும் ஒரே இடத்தில் இல்லை. இருவருக்கும் கண்ணசைவைப் பதிவு செய்யும் கருவி மாட்டியிருந்தது. ஒரு சுற்றில் பேச மட்டும் அனுமதி. இன்னொன்றில் பேச்சே கிடையாது. கூட்டாளியின் கண் எங்கே இருக்கிறது என்பதை ஒவ்வொருவர் திரையிலும் ஒரு சுட்டுக்குறி காட்டிக்கொண்டே இருக்கும். மூன்றாவதில் இரண்டும் உண்டு.

எது வென்றிருக்கும்? இரண்டும் இருப்பதுதான் என்று தோன்றும். இல்லை. பேச்சில்லாமல் பார்வையை மட்டும் பகிர்ந்த இணைகளே முதலிடம். தனியாளைவிட இரு மடங்கு வேகம். அதோடு பேச்சையும் சேர்த்தபோது வேகம் குறைந்தது.

பேச்சுக்கு ஒரு கூலி இருக்கிறது. ‘நான் இடது பாதி, நீ வலது பாதி’ என்று தொடக்கத்தில் ஒருமுறை சொல்வது மலிவு. தேடும்போதே ‘மேல்வரிசை முடிஞ்சுது, நீ எங்க இருக்க?’ என்பது விலை அதிகம். கண்ணால் கண்ட இடத்தை ஒருவர் சொல்லாக்க வேண்டும். மற்றவர் அந்தச் சொல்லை மறுபடி இடமாக்க வேண்டும். அதுவரை தேடல் தடுமாறும். இதே குழு 2010இல் வெளியிட்ட இன்னொரு சோதனையில், ஒரு நகரக் காட்சியின் கட்டட ஜன்னல்களில் ஒளிந்திருக்கும் துப்பாக்கிக்காரனை இருவரும் கண்டு ஒத்துக்கொள்ள வேண்டும். பார்வையைப் பகிர்ந்தவர்கள் முந்தியது பெரும்பாலும் ஒருவர் கண்டபின் மற்றவருக்குக் காட்டும் கட்டத்தில்தான். ‘மூணாவது கட்டடம், இடமிருந்து ரெண்டாவது ஜன்னல்’ என்று எண்ணிக்கொண்டிருக்கும் நேரம் அங்கே மிச்சம்.

நம் கையில் அந்தக் கருவி இருக்காது. அதனால் இடத்தை முன்கூட்டியே பிரித்துக்கொள்ளுங்கள். எல்லைக்கோட்டைக் கற்பனையில் போடாமல் ஒரு தூண், ஒரு மரம் என்று கண்ணுக்குத் தெரிகிற ஒன்றின் மேல் போடுங்கள். எல்லையில் ஒரு பட்டையை இருவரும் பார்க்க வேண்டும். ‘அது அவர் பக்கம்’ என்று இருவருமே நினைப்பதால் நழுவும் பொருள்கள் அங்கேதான் கிடக்கும். எதிரெதிரே நிற்பவர்கள் ‘இடது’ என்று சொல்லவே கூடாது. ‘வாசல் பக்கம்’ என்று சொல்ல வேண்டும்.

இவ்வளவும் பொருள் அங்கே இருக்கிறது, சீக்கிரம் கிடைக்க வேண்டும் என்கிறபோது. பொருள் அபூர்வமாக மட்டுமே இருக்கும், தவறினால் உயிர் போகும் என்றால் கதையே வேறு. ஜெரமி வுல்ஃப் என்ற ஆய்வாளரின் குழு, விமான நிலையப் பெட்டிச் சோதனையைப் போன்ற செயற்கைப் படங்களை வைத்து 2005இல் காட்டியது இது: பாதிப் படங்களில் இலக்கு இருந்தபோது தவறவிட்டது 7 சதவீதம், நூற்றுக்கு ஒன்றில் மட்டும் இருந்தபோது 30 சதவீதம். ‘இல்லை, இல்லை’ என்று சொல்லிப் பழகிய மனம் சீக்கிரமே கைவிட்டுவிடுகிறது.

இங்கே இடத்தைப் பிரித்தால் அந்த 30 அப்படியே நிற்கும். இருவருமே முழுப் படத்தையும் பார்க்க வேண்டும். காகிதக் கணக்கில் 30இல் 30 சதவீதம், அதாவது 9தான் தவறும். நடைமுறையில் அவ்வளவு இறங்காது. முக்கால்வாசி மறைந்திருப்பது ஒருவருக்குத் தெரியாவிட்டால் மற்றவருக்கும் தெரியாமல் போக வாய்ப்பு அதிகம். ‘எப்படியும் அவர் பார்ப்பார்’ என்ற சோம்பலும் சேரும். முதலாமவர் சொன்னது இரண்டாமவருக்குத் தெரிந்துவிட்டால் அவர் பார்ப்பது படத்தையா, முந்தைய பதிலையா? ஆகவே தனித்தனியே பார்த்து, தனித்தனியே எழுதிவைத்த பிறகுதான் பேச வேண்டும்.

பிரிட்டனின் மார்பகப் புற்றுநோய் பரிசோதனைத் திட்டத்தில் ஒவ்வொரு மேமோகிராமையும், அதாவது மார்பக எக்ஸ்-ரே படத்தையும், இருவர் படிக்கிறார்கள். ஒருவர் களைக்கும் கட்டத்தில் வரும் படங்கள் மற்றவருக்குத் தொடக்கத்திலேயே வரட்டும் என்று, இரண்டாமவருக்கு அடுக்கைத் தலைகீழாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 46 மையங்கள், ஏறத்தாழ 12 லட்சம் பெண்கள். முடிவு 2016இல் வந்தது: புற்றுநோய் கண்டறிந்த விகிதத்தில் வித்தியாசமில்லை. அழகான யோசனைதான், பலிக்கவில்லை.

இருவரும் முரண்பட்டால்? 2010இல் பஹ்ராமி என்ற ஆய்வாளரின் குழு காட்டியது: இருவர் திறனும் ஏறக்குறைய சமமாக இருந்து, ‘எனக்கு எவ்வளவு நிச்சயம்’ என்பதையும் பேசிக்கொண்டால், இணை தன்னில் சிறந்தவரையே மிஞ்சுகிறது. ஒருவருக்கு மட்டும் காட்சியை வேண்டுமென்றே மங்கலாக்கியபோது, சிறந்தவரைத் தனியாக விட்டிருந்தால் கிடைத்திருக்கும் பலன்கூடக் கிடைக்கவில்லை. ‘யாராவது ஒருவர் இருக்கிறது என்றாலே போதும்’ என்று விதி வைத்தால் தவறவிடுவது குறையும், வீண் சந்தேகம் பெருகும். ‘இருவரும் சொன்னால்தான்’ என்றால் நேர்மாறு. முரண்பட்ட படங்கள் பெரும்பாலும் மூன்றாமவர் மேசைக்குப் போவது அதனால்தான்.